கம்மாலையில் பிறந்த துவக்கு

வெள்ளவத்தையில் ஒருவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இரும்பில் கை பழகியவர். வீட்டுப் பின்கட்டில் சின்ன லேத்து ஒன்றைப் பூட்டிக்கொண்டு, பழைய பாணியில் ஒற்றைவெடி வேட்டைத் துவக்கு ஒன்று கட்ட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாமான் தேடி அவர் அதிக தூரம் அலைய வேண்டியதில்லை. அரமும் துளையூசியும் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும். கடைசல் வேலைக்கு ஆமர் வீதி, கொட்டாஞ்சேனைப் பக்கம் போனால், எந்தக் காலத்து மோட்டாருக்கும் உதிரிப்பாகம் கடைந்து தருகிற கைகள் இருக்கின்றன. வெள்ளிப் பூவேலை செய்விக்கச் செட்டியார் தெரு இருக்கிறது. சோங்குக்கு மரம்? ஐரோப்பாவில் வால்நட் மரத்தைத்தான் தேடுவார்கள். இங்கே அதற்கும் வழி உண்டு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், இந்நாட்டு மரங்களைப் பற்றி எழுதும்போது, வண்டி ஏர்க்காலுக்கும் துவக்குச் சோங்குக்கும் உகந்தது பூவரசு என்கிறார். யாழ்ப்பாணத்து வேலியில் கதியாலாக நிற்கிற அதே பூவரசு.

எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் கட்ட முடியாது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருப்பதே குற்றம் என்னும்போது, செய்வதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அனுமதி பெற்ற துவக்குக்கும் ஆண்டுதோறும் பத்திரம் புதுப்பிக்க வேண்டும். முப்பது ஆண்டு போரையும், 2019 ஏப்ரல் 21 ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் நடந்த குண்டுவெடிப்பையும் பார்த்த ஊர் இது. அதற்குப் பிறகு கொட்டாஞ்சேனையில் வீடு வீடாகத் தேடுதல் நடந்தபோது, சமையலறைக் கத்திக்கே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. பின்கட்டில் துவக்குக் குழல் கிடந்தால் எந்த விளக்கமும் எடுபடாது. அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. இருக்கட்டும், இன்னும் இறுக்கமாகவே இருக்கட்டும்.

என் கவலை வேறு. ஒரு காலத்தில் கீழைத்தேயத்திலேயே சிறந்த துவக்கு செய்கிறவர்கள் என்று எதிரிகளாலேயே புகழப்பட்ட கொல்லர்கள் இந்தத் தீவில் இருந்தார்கள். அந்தக் கைவேலை எங்கே போயிற்று என்று இன்று எவரும் கேட்பதில்லை. போனது துவக்கு மட்டும் என்றால் நல்லது என்று விட்டுவிடலாம். கூடவே இரும்பைப் பற்றிய ஓர் அறிவும் போயிருக்கிறது.

முதலில், வெளிநாட்டில் இதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்துவிடலாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒருவர் தன் சொந்தப் பாவனைக்குச் சாதாரண வேட்டைத் துவக்கொன்றைச் செய்துகொள்ளத் தடையில்லை. சில மாநிலங்கள் மட்டும் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்யப்பட்டதெல்லாம் அங்கே பழம்பொருள் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டம் கோடு கிழித்துவிட்டது. ஆகவே பழைய பாணியில் மோகம் கொண்ட ஒரு கூட்டம் அங்கே உண்டு. கடையில் வாங்கினால் மலிவு. தானே கட்டினால் செலவும் கூட, ஆண்டுக்கணக்கில் இழுக்கவும் செய்யும். இருந்தும் கட்டுகிறார்கள்.

அந்த வேலையில் என்னைக் கவர்ந்தது இரும்பு வேலை அல்ல, மரவேலை. குழலும் பூட்டும் சோங்கில் உட்காருகிற பள்ளம் மயிரிழை இடைவெளியும் இல்லாமல் அமைய வேண்டும். அதற்கு அவர்கள் கையாளும் முறை நூற்றாண்டுகளாக மாறவில்லை. விளக்குக் கரியை இரும்பின்மேல் மெல்லியதாகப் பூசுவார்கள். இரும்பை மரப்பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுப்பார்கள். மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் முட்டுகிறது என்று அர்த்தம். அந்தப் புள்ளியை மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி கரி, மறுபடி அழுத்தல், மறுபடி சீவல். பள்ளம் முழுவதும் ஒரே சீராகக் கறுக்கும்வரை இது நடக்கும். ஒரு நாள் முழுக்க இருந்தாலும் விரற்கடை அளவுக்குத்தான் இறங்கும். அவசரப்பட்டு ஒரு சீவல் அதிகம் எடுத்துவிட்டால் மரத்துண்டு விறகுதான்.

வேர்ஜினியாவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரத்தை 18ஆம் நூற்றாண்டுக் கோலத்திலேயே காட்சிக்காகப் பேணிவருகிறார்கள். அங்கே வாலஸ் கஸ்லர் என்ற கைவினைஞர் அக்காலத்துக் கருவிகளை மட்டும் கொண்டு ஒரு நீள்துவக்கை முழுமையாகச் செய்தார். அது 1969இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. தட்டை இரும்பை ஒரு கம்பியின்மேல் மடித்து, உலையில் காய்ச்சி, கொஞ்சம் கொஞ்சமாக அடித்து ஒட்டவைத்துக் குழலாக்குகிறார். குழலின் உட்புறத்தில் சுற்றுவரி கீறுவதற்கு அவர் வைத்திருப்பது ஒரு மரச்சட்டமும், திருகுபோல் வரி வெட்டிய ஓர் உருளையும், ஒரேயொரு சின்ன வெட்டுப்பல்லும்தான். அந்தப் பல்லைக் குழலுக்குள் இழுத்து இழுத்து, ஒவ்வொரு இழுப்பிலும் இரும்புத் தூள் கொஞ்சம் உதிர, வரி ஆழமாகிறது. இதற்காக அந்த நகரம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

1505இல் போர்த்துக்கேயர் கொழும்பில் கால் வைத்தபோது, அவர்கள் கல்லைத் தின்று இரத்தம் குடிப்பதாகவும், அவர்களுடைய பீரங்கி இடியைவிட உரத்து முழங்குவதாகவும் அரசனுக்குச் சேதி போனதாக 'ராஜாவலிய' என்ற சிங்கள வரலாற்று நூல் சொல்கிறது. கல் என்றது பாண், இரத்தம் என்றது வைன். இந்தக் கதையை எல்லாப் பள்ளிக்கூடப் பிள்ளையும் படித்திருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பாடப்புத்தகம் விரித்துச் சொல்வதில்லை. அந்த முழக்கத்தைக் கேட்டு வியந்தவர்கள் ஒரு தலைமுறைக்குள் அதைத் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். 1587இல் சீதாவாக்கை முதலாம் ராஜசிங்கன் கொழும்புக் கோட்டையை முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தவர்களைப் போலவே வெளியே இருந்தவர்களிடமும் துவக்குகள் இருந்தன. பிறகு கீழைத்தேய வரலாறு எழுதிய போர்த்துக்கேய ஆசிரியர்கள், சிங்களவர் செய்யும் துவக்குகளைத் தங்கள் துவக்குகளுக்கு மேலாகவே வைத்துப் பேசினார்கள்.

எப்படி முடிந்தது? இரும்பு ஏற்கெனவே இங்கே இருந்தது. சமனலவெவ மலைச்சரிவுகளில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி எஃகு உருக்கிய உலைகளைத் தொல்லியலாளர் ஜில் ஜுலெஃப் தோண்டி எடுத்தார். அதே மாதிரி உலையைக் கட்டி, காற்றுக் காலத்தில் எரித்தும் பார்த்து, 1996இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். உலகமே திரும்பிப் பார்த்த கண்டுபிடிப்பு அது. துவக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே மலைநாட்டுக் கொல்லனுக்கு எஃகின் குணம் தெரிந்திருந்தது. வெடியுப்பும் மலையிலேயே கிடைத்தது. பிரித்தானியப் படை வைத்தியர் ஜோன் டேவி, கண்டி நாட்டின் உட்பகுதியைப் பற்றி 1821இல் வெளியிட்ட நூலில், குகைகளில் மண் சுரண்டி வெடியுப்பு எடுக்கிற காட்சியை விவரிக்கிறார். மிச்சமிருந்தது பூட்டின் சூட்சுமம் மட்டும்தான். அதைப் போர்த்துக்கேயப் பூட்டுகளைப் பார்த்தே பிடித்துக்கொண்டார்கள்.

ஜப்பானிலும் இதே கதைதான். 1543இல் தனெகாஷிமா தீவில் போர்த்துக்கேயத் துவக்கைப் பார்த்த உள்ளூர்க் கொல்லன் குழலைச் செய்துவிட்டான். குழலின் பின்வாயை அடைக்கும் திருகாணி மட்டும் பிடிபடவில்லை. அதைக் கற்றுக்கொள்வதற்காகத் தன் மகளையே ஒரு போர்த்துக்கேயனுக்குக் கட்டிக்கொடுத்தான் என்று அங்கே ஒரு கதை வழங்குகிறது. நம் கொல்லன் யாரிடம், என்ன விலை கொடுத்துக் கற்றான் என்று சொல்ல நம்மிடம் ஒரு கதைகூட இல்லை.

கொழும்பு தேசிய நூதனசாலையில் கண்டிக் காலத்துத் துவக்கொன்றை நின்று பாருங்கள். முதலில் கண்ணில் படுவது சோங்கு. மேலைநாட்டுத் துவக்கைப்போல் தோளில் பதிகிற தட்டைப் பலகையாக அது இராது. இரண்டாகப் பிரிந்து, கீழ்நோக்கிச் சுருண்டு, செதுக்கு வேலையாகவே முடியும். அடுத்து, பூட்டு. உலகமெங்கும் துவக்குப் பூட்டு வலப்பக்கம் இருக்கும். கண்டித் துவக்கில் அது இடப்பக்கம். ஏன் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை. குழலில் வெள்ளியும் பித்தளையும் பதித்து லியவெல எனும் கொடிக்கருக்கு ஓடும். விலையுயர்ந்த துவக்கென்றால் தந்தமும் சேரும். கோவில் கதவிலும் வெற்றிலைப் பெட்டியிலும் சுண்ணாம்புக் கரண்டகத்திலும் ஓடுகிற அதே கொடிதான். சுடுகிற கருவிக்கென்று தனிப் பாணி அவர்கள் வைத்திருக்கவில்லை.

இந்த ஆயுதங்களை முறையாக வகைப்படுத்தி எழுதியவர் நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல. 1942இல் ராயல் ஏசியாட்டிக் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் அவருடைய நீண்ட கட்டுரை வந்தது. கையில் ஏந்துகிற துவக்கு, சுவரில் சாய்த்துச் சுடுகிற மகா துவக்கு, மூன்று கால்களில் நிற்கிற சிறு பீரங்கியான கொடித்துவக்கு என்று வகைகள் இருந்தன. கொடித்துவக்கை வெள்ளைக்காரர் வெட்டுக்கிளி என்று கேலியாக அழைத்தார்கள். கொடிதுவக்கு என்ற குடும்பப் பெயர் இன்றும் தெற்கில் உண்டு.

கண்டி இராச்சியத்தில் கொல்லன் எப்படி வாழ்ந்தான் என்பதை ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளிவந்த தன் நூலில் வரைந்து காட்டுகிறார். இருபது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக அங்கே சிறைப்பட்டிருந்தவர் அவர். ஒவ்வொரு கொல்லனுக்கும் தனக்கென்று ஊர்கள் ஒதுக்கப்பட்டிருக்கும், மற்றொருவன் அங்கே வேலை எடுக்க முடியாது. வேலை கொடுக்க வருகிறவன் தன் இரும்பையும் தானே கொண்டுவர வேண்டும். அது மட்டுமா? துருத்தி ஊதுவதும் அவன்தான், பெரிய சம்மட்டியால் அடிப்பதும் அவன்தான். கொல்லன் தன் ஆசனத்தில் கம்பீரமாக அமர்ந்தபடி, கையில் உள்ள சின்னச் சுத்தியலால் இடையிடையே ஒரு தட்டு தட்டி உருவத்தைச் சரிப்படுத்துவான். நொக்ஸ் இதைக் கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறார். எனக்கோ வாசிக்க வாசிக்கச் சந்தோஷமாக இருந்தது. தன் தொழிலின் மதிப்புத் தெரிந்தவன் அந்த ஆள்.

அரண்மனைக்கு வேலை செய்தவர்கள் இன்னும் ஒருபடி மேல். பட்டல் ஹத்தர என்ற நான்கு அரச பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த அவர்களுக்குக் காணி இருந்தது. காணிக்குப் பதில் சேவை. சோற்றுக்குக் கவலையில்லாததால் ஒரு குழலில் எத்தனை மாதமும் உட்கார முடிந்தது. அங்கே செய்யப்பட்ட நுண்வேலைக்குச் சாட்சி, லெவ்கே திசாவை 1745இல் அரசன் ஸ்ரீவிஜய ராஜசிங்கனுக்குக் காணிக்கையாகக் கொடுத்த சிறு பீரங்கி. அந்த அரசன் மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியில் கண்டி அரியணை ஏறிய முதலாமவன். வெண்கலக் குழலில் பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்து, கண்டியின் சூரிய சந்திர சிங்கச் சின்னங்களோடு செய்த பீரங்கி அது. போருக்கு அல்ல, பார்க்க. 1765இல் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக்கின் படை கண்டியைச் சூறையாடியபோது அது கொள்ளை போயிற்று. ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டு, 2023 டிசம்பரில் கொழும்புக்குத் திரும்பி வந்தது. பத்திரிகைகள் பீரங்கியைப் பற்றியே எழுதின. கூடவே இரண்டு மகா துவக்குகளும் வந்திறங்கியதைக் கவனித்தவர்கள் சிலர்தான்.

1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தோடு அரண்மனை போயிற்று. 1832இல் கோல்புறூக் அறிக்கையை ஒட்டி இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்ல காரியமே, அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் பட்டறைக் கைவினைஞனுக்கு அது இரு பக்கமும் வெட்டுகிற கத்தியாயிற்று. காணிக்கும் சேவைக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்தது. கேட்டுச் செய்விக்க ஆளில்லை. பர்மிங்ஹாமிலிருந்து மலிவுத் துவக்குகள் கப்பலில் வந்து இறங்கின. மாதக்கணக்கில் ஒரு குழலோடு உட்கார்ந்தவன் மண்வெட்டி தட்டப் போனான்.

அவன் விட்டுப்போன இடத்துக்கு வந்தது இங்கிலாந்துக் கைவினைஞனின் துவக்கு. ஆங்கிலேய வேட்டைக்காரர் சாமுவேல் பேக்கர் 1840களின் நடுவில் இங்கே வந்திறங்கியபோது, அவர் கையில் இருந்தது பிரிஸ்டல் நகரத்து ஜோர்ஜ் கிப்ஸ் 1840இல் அவருக்கென்றே அளவெடுத்துக் கட்டிய ஒற்றைக்குழல் துவக்கு. எடை 21 இறாத்தல். குழல் 36 அங்குலம். உள்ளே இரண்டே இரண்டு வரிகள். 3 அவுன்ஸ் உருண்டை. அதைத் தள்ள 16 திராம் மருந்து. ஒன்பதரைக் கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு நுவரெலியாக் காட்டில் ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். ஒரு வெடிதான். தவறினால் அடுத்தது நிரப்புவதற்குள் யானை வந்து சேர்ந்துவிடும். 'இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்' என்ற பொருள்பட அவர் 1854இல் வெளியிட்ட புத்தகம் உலகமெங்கும் விற்றது.

அதே கிப்ஸ் கம்பனிதான் பிறகு ஒற்றைவெடித் துவக்கின் உச்சம் என்று சொல்லத்தக்க ஒன்றையும் செய்தது. ஸ்கொட்லாந்தில் ஜோன் ஃபார்குவார்சன் என்றொருவர். நல்ல குறிக்காரர். திருட்டு வேட்டையிலும் பேர்போனவர் என்பார்கள். 1872இல் அவர் பதிந்த காப்புரிமையின்படி, விசைக்காப்புக்குக் கீழுள்ள நெம்புகோலை இழுத்தால் குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டி நேராகக் கீழே வழுக்கும். ரவையைப் போட்டு நெம்பை ஏற்றினால் கட்டி மேலே வந்து அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். கிப்ஸ் செய்தது 1,000க்கும் குறைவு. ஆனால் அதன் எளிமையில் மயங்கி 1967இல் அமெரிக்காவின் ருகர் கம்பனி தன் ஒற்றைவெடித் துவக்கை வெளியிட்டது. வீட்டுப் பட்டறைக்காரர்கள் இன்றும் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது அந்தக் கட்டியையும் அது வழுக்கும் சதுரப் பள்ளத்தையும்தான். ஒற்றைவெடி என்பது ஏழ்மையால் வந்த குறை அல்ல அவர்களுக்கு. ஒரே வெடியில் முடிக்கத் தெரிந்தவன் என்ற செருக்கு.

செருக்கின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கும் மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன என்று டெனன்ட் எழுதுகிறார். வாலைக் கொண்டுவந்து காட்டினால் அரசாங்கம் பணம் கொடுத்தது. பிரித்தானியப் படை அதிகாரி மேஜர் றோஜர்ஸ் தனியொருவராகவே 1,400 யானைகளைச் சுட்டவர் என்கிறார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அந்தக் கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என்று மலைநாட்டில் சொல்வார்கள். அதே காலத்தில், அதே வன்னிக் காடுகளில், தமிழ் பேசும் சோனகப் பணிக்கர்கள் தோல்வார்க் கயிற்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய், யானையின் பின்காலில் சுருக்கிட்டு உயிரோடு பிடித்தார்கள். டெனன்ட் அவர்களைப் பார்த்து அசந்துபோயிருக்கிறார். எது வீரம் என்று கேட்டால் நான் பணிக்கர் பக்கம்.

சுட்டவர்களே பிறகு பயந்தார்கள். 1894இல் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து தொடங்கிய விலங்குப் பாதுகாப்புச் சங்கந்தான் இன்றைய வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம். 1937இல் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. வேட்டைத் துவக்குக்கு மேல்மட்டத்தில் இருந்த மவுசு அத்தோடு இறங்கத் தொடங்கியது.

கீழ்மட்டத்தில் அது வேறு வேடம் போட்டது. வன்னியில் இடியன் துவக்கு என்றால் தெரியாதவர் இல்லை. வாய்ப்பக்கம் மருந்து இட்டு, இடித்து, சன்னம் போட்டுச் சுடுகிற ஒற்றைவெடித் துவக்கு. ஊர்க் கொல்லன் யாரோ ஒளித்துச் செய்தது. மரவள்ளியையும் நெல்லையும் ஒரே இரவில் பன்றி உழுதுவிட்டுப் போகிற தோட்டக்காரனுக்கு அனுமதிப்பத்திரத் துவக்கு வாங்கக் கட்டுபடியாகாது. கச்சேரிக்கு அலையவும் நேரமில்லை. போர்க்காலத்தில் வடக்குக்குப் பற்றரியும் சீமெந்தும்கூடப் போகத் தடையிருந்தபோது, இடியனும் கம்மாலையும் சந்தேகத்துக்குரிய சொற்களாயின. போர் முடிந்தும் அந்தப் பார்வை மாறவில்லை.

இடியனைவிடக் கொடியது கட்டுத்துவக்கு. ஆள் இல்லாமல் சுடுவது. காட்டுப் பாதையில் மறைத்து வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பன்றிக்கு என்று வைத்த உயரம், விறகு வெட்டப் போன மனிதனுக்கு முழங்கால். அநுராதபுரம், மொனராகலைப் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் எலும்பு சிதறிய காலோடு வருகிறவர்களை வைத்தியர்கள் இன்றும் பார்க்கிறார்கள். சிறுத்தை சாகிறது. யானை, காலில் சீழ் பிடித்து மாதக்கணக்கில் நொண்டிச் சாகிறது. லண்டனில் துவக்குக் கொல்லர் சங்கத்துக்கு 1637இலேயே அரச பட்டயம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் 1813இல் சட்டம் போட்டுச் சோதனைச்சாலை கட்டினார்கள். அளவுக்கு மிஞ்சிய மருந்து இட்டுச் சுட்டுப் பார்த்து, வெடிக்காத குழலுக்கு மட்டும் முத்திரை குத்தினார்கள். இங்கே கட்டுத்துவக்கு செய்கிறவன் தன் குழலை எவரிடமும் காட்ட முடியாது. அது முதலில் யார் கையில் வெடிக்கும் என்பதும் அவனுக்குத் தெரியாது.

கொடிக்கருக்கு ஓடிய குழலுக்கும் இந்தக் குழாய்க்கும் நடுவில் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள். அந்த இடைவெளியை முதலில் அக்கறையோடு பார்த்தவர் ஒரு கொழும்புத் தமிழர். கொள்ளுப்பிட்டியில் 1877இல் சேர் முத்துக் குமாரசுவாமியின் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்தார். கல்லைப் பார்க்க மலை மலையாகப் போனவர் கடைசியில் கம்மாலைகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பலாங்கொடைப் பக்கத்தில் பழைய முறையில் இரும்பு உருக்கத் தெரிந்த கடைசி ஆட்களைக் கொண்டு உருக்கச் செய்து, ஒவ்வொரு படியையும் குறித்துக்கொண்டார். இடைக்காலச் சிங்களக் கலையைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908இல் வந்தது. ஆங்கிலக் கைவினைஞர் வில்லியம் மொறிஸின் கைஅச்சு இயந்திரத்திலேயே, 425 பிரதிகள் மட்டும். கைவேலையைப் பற்றிய புத்தகத்தைக் கையாலேயே அச்சிட்ட பிடிவாதக்காரர்! கொல்லன், தட்டான், தச்சன் எவரையும் அவர் பரிதாபத்துக்குரியவராக எழுதவில்லை. தொழில் தெரிந்தவர்களாக எழுதினார். அந்த வேறுபாடு பெரிது.

அவர் எழுதி நூறாண்டுக்கு மேலாகிவிட்டது. கொழும்புக்குத் திரும்பி வந்த இரண்டு மகா துவக்குகளின் முன் இன்று நிற்கிற பிள்ளைக்கு, அந்தக் குழல் எப்படி ஒட்டப்பட்டது என்று காட்ட இந்த நாட்டில் எவரும் இல்லை. பீரங்கியைக் கொடுத்த லெவ்கே திசாவையின் பெயர் இருக்கிறது, பெற்ற அரசனின் பெயர் இருக்கிறது, கொள்ளையடித்த வான் எக்கின் பெயரும் இருக்கிறது. பொன் பதித்தவன் பெயர் இல்லை. பேக்கரின் துவக்கைக் கட்டியது கிப்ஸ் என்று நமக்கு இன்றும் தெரிகிறது.

எனக்கு ஒரு யோசனை. சுடாத துவக்கொன்றை நூதனசாலை செய்விக்கட்டும். அனுமதி வேண்டுமென்றால் அதையும் நூதனசாலையே பாதுகாப்பு அமைச்சிடம் கேட்கட்டும். ஆள் தேடக் கஷ்டமில்லை. பிலிமத்தலாவையில் பித்தளை வார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நத்தரம்பொத்த கலாபுரக் கிராமத்தில் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். செட்டியார் தெருவில் பொன் பதிக்கத் தெரிந்த தட்டார்கள் இருக்கிறார்கள். கொட்டாஞ்சேனை லேத்துக்காரர் ஒருவரும் வெள்ளவத்தையில் சும்மா இருக்கிற அந்த ஓய்வுபெற்ற மனிதரும் கூடச் சேரலாம். வில்லியம்ஸ்பர்க் கொடுத்ததைப்போல் மாதச் சம்பளம். வேலை நூதனசாலை முற்றத்தில், பார்வையாளர் கண்முன். குறைந்தது ஒரு வருடம். சோங்குக்குப் பூவரசு. பூட்டு இடப்பக்கம். கொடிக்கருக்கில் குறை வைக்கக் கூடாது. குழலின் அடியில், செய்த ஒவ்வொருவர் பெயரும் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டப்பட வேண்டும். மருந்துக்கு நெருப்பு எட்டுகிற பற்றுத்துளை மட்டும் துளைக்கப்படாமல் இருக்கட்டும்.